பல்கலைக் கழகம் புகும் மாணாக்கரும் நம் கடமையும்

(நம் சங்கத்துக் கல்விக் குழுவினர் வைகாசித் திங்களிற் கூட்டிய பெற்றோர் மாணாக்கர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிற் பாடஞ் சொல்வதையே தொழிலாகவுடைய என்னை இவ்வவையில் நிறுத்திப் பல்கலைக் கழகத்துக்குப் புதிதாகச் செல்லும் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வது எங்ஙனம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு கல்விக் குழுவினர் பணித்தனர். யான் பல்கலைக் கழக ஆசிரியன் அல்லேன். ஆயினும் அங்குச் செல்லும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வழியனுப்பி வைப்பவன். வழியனுப்புவோனுக்கும் வழியைப்பற்றிச் சிறிது சொல்ல உரிமை உண்டன்றோ? அவ்வுரிமை ஒன்றைக் கொண்டே பேசத் துணிந்தேன். குற்றங் காணின் பொறுத்தருள்க.

கல்லூரி திறந்தவுடன் முதலாண்டு மாணாக்கருக்கென நடைபெறும் நிகழ்ச்சியை 'ஓரியண்டேஷன்' என்று வழங்குகின்றனர். அச்சொல் இலத்தீன் மொழியடியாகப் பிறந்தது. ஞாயிறு எழும் கீழ்த்திசையைக் குறித்த சொல்லினின்று, கீழ்த்திசை நோக்கி நிற்றல், அதுகொண்டு ஏனைத் திசைகளை அறிதல் என்னும் பொருள்கள் தோன்றின. ஆதலின் இதனை 'அறிமுக விழா' என்பதினும் 'திசை காட்டல்' என்பதே பொருத்தமாம். புதிய ஊரில் இரவிற் சென்று இறங்கிய ஒருவன், பொழுது விடிந்ததும் முதற்கண் அறிய விழைவது கிழக்கு எது என்பதே. அது தெரிந்தால் ஏனைய தெருக்களைத் தானே நடந்து அறிந்துகொள்வான். அது தெரியாதவன் அகன்ற தெருவிலும் அலமருவான்.

வாயிற் காவலர்

மகத நாட்டு நாளந்தைப் பல்கலைக் கழகத்தைப்பற்றிக் கி. பி. 7ஆம் நூற்றாண்டில் அங்குப் பயின்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதி வைத்துள்ளார். உள்ளே புக விழைவோரை வாயிலில் நின்ற அறிஞர் அரிய வினாக்களால் ஆராய்வராம். பதின்மர் வரின் எழுவரோ எண்மரோ விடை கூறமாட்டாது திரும்புவராம். அக்கழகத்தின் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் நம் காஞ்சி மாநகரிற் பிறந்தவர் என்பதும் அவர் எழுதிய செய்தியே. தெற்கே காஞ்சியிலிருந்து அத்துணைத் தொலைவு சென்ற ஒருவர் அவ்வாயிலைக் கடந்ததோடு அமையாது, அக்கழகத்துக்கே தலைவராயினார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இக்காலத்துக் கல்லூரி வாயிலில் அத்தகைய அறிஞர் இலர். மதிப்பெண்ணும் கலந்தாய்வும் வாயிலைத் திறந்துவிடுகின்றன. ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத காவலர் நால்வர் இன்றும் அங்கு நிற்கின்றனர். காகிதம் ஒருவர்; ஆங்கிலம் ஒருவர்; கூச்சம் ஒருவர்; பணமுடை ஒருவர். நாளந்தை வாயிலோர் அறியாமையைத் தடுத்தனர். இந்நால்வரோ அறிவுடைய பிள்ளையையும் தடுத்துவிடுகின்றனர். இவர்களைக் கடப்பதற்கு வேண்டிய ஆயத்தமே இன்று யான் பேசவந்த பொருள்.

முன்னாளில் ஒரு படிக்கட்டு இருந்தது. சென்னைப் பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டு தோன்றிய பின்னர், பட்டப் படிப்புக்கு முன்னே இண்டர்மீடியட் என்னும் ஈராண்டு வகுப்புக் கல்லூரிகளில் நெடுங்காலம் நடைபெற்றது. 1950களின் நடுவில் அஃது ஓராண்டுப் புகுமுக வகுப்பாகச் சுருங்கியது. 1978இல் மேனிலைப் பள்ளிக் கல்வி வந்தபோது புகுமுக வகுப்பும் மறைந்தது. நம் தந்தையர் அவ்வகுப்பை ஒரு வீண் ஆண்டாகக் கருதியிருக்கலாம். ஆயினும் நூலகம் யாது, குறிப்பெடுத்தல் யாது, ஆங்கிலத்திற் பேசும் ஆசிரியரின் உரையைப் பின்பற்றல் எங்ஙனம் என்பனவெல்லாம் அவ்வோராண்டிலேதான் அவர்களுக்குப் பழகின. 'புகுமுகம்' என்னும் பெயரே அதன் பயனை உரைக்கும். இன்று பிள்ளை பங்குனியிற் பள்ளித் தேர்வு எழுதி, ஆடியில் நேரே பட்ட வகுப்பில் அமர்கின்றது. இடையே படி இல்லை.

இக்குறையை அரசினரும் உணர்ந்தனர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவினர் பொறியியற் கல்லூரிகளில் மூன்று வாரப் புகுமுகப் பயிற்சியை வகுத்தனர். பல்கலைக் கழக மானியக் குழுவினர் 2019ஆம் ஆண்டு 'தீட்சாரம்பம்' என்னும் பெயரால் ஏனைக் கல்லூரிகளுக்கும் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டனர். உடற்பயிற்சி, கலைப்பயிற்சி, நன்னெறி பற்றிய கலந்துரையாடல், அறிஞர் சொற்பொழிவு, ஊரையும் துறையையும் அறிதல் முதலியன அவற்றிற் கூறப்பட்டுள. திட்டம் நன்று. ஆயினும் எழுத்தில் மூன்று வாரம் என்றிருப்பது, சில இடங்களில் ஒரு முற்பகற் கூட்டமாகவும் ஒரு குழுப் படமாகவும் முடிந்துவிடுகின்றது. அஃது எங்ஙனமாயினும் ஆகுக. கல்லூரியார் செய்வதை அவர்கள் செய்வர். அதற்கு முன்னே வீட்டிலும் பள்ளியிலும் சங்கத்திலும் செய்யற்பாலன சில உள. அவை செய்யப்படாவிடின் விளைவது யாது என்பதற்கு யான் கண்ட ஒன்றைச் சொல்வேன்.

யான் கண்ட ஒன்று

சில ஆண்டுகட்கு முன் என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் கணக்கிற் பள்ளியிலேயே முதல்வன். தந்தை செங்கற் சூளையிற் கூலி வேலை செய்பவர். அவன் தமிழ் வழியிற் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்று, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடமும் பெற்றான். பள்ளியில் அவனுக்கு மாலையிட்டோம். யானே வாழ்த்துரை வழங்கினேன். இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றினோம்.

ஒன்பதாம் நாள் காலை அப்பெட்டியோடு அவன் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தான். முதல் நாட் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மைப்பற்றி ஆங்கிலத்திற் சொல்லுமாறு பணித்தனராம். இவன் எழுந்து நின்றான். தன் பெயரைச் சொன்னான். மேலே ஒன்றும் வாய்வரவில்லை. சிலர் நகைத்தனர். அந்நகைப்பு அவ்வளவோடு தீரவில்லை. உணவு விடுதியிலும் அவன் பெயரை அதே குரலிற் சொல்லிச் சொல்லி நகைத்தனர். முதற்பட்டதாரிச் சான்றிதழைக் கேட்டபோது, அஃது இன்னதென்றே அவனுக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் எவரை வினவுவது என்றும் அறியான். 'ஐயா, அங்கே பேசுவது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. கணக்கு மாத்திரம் விளங்கியது' என்றான்.

யான் எவ்வளவோ சொன்னேன். அவன் தந்தையும் சொன்னார். அவன் திரும்பிச் செல்லவில்லை. இன்று பின்னலாடை நகரத்திற் சுமை ஏற்றும் தொழில் செய்கின்றான். உழைத்து உண்பதில் இழிவு யாதும் இல்லை. ஆயினும் அவன் போகவேண்டிய வழி அதுவன்று. அக்கல்லூரியாரை யான் குறை கூறவில்லை. நகைத்த பிள்ளைகளையும் குறை கூறுவதிற் பயனில்லை. ஏழாண்டுகள் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் யான். யாப்பு சொன்னேன், அணி சொன்னேன். எழுந்து நின்று தன்னைப்பற்றி நான்கு வாக்கியம் சொல்லும் பயிற்சியை எம்மொழியிலும் அவனுக்கு யான் அளித்தேனில்லை. அக்குறை என்னுடையது. அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்ததும் மூன்று நாள் பிள்ளைகளை அழைத்து வைத்து, யான் அறிந்தவற்றைச் சொல்லிவருகின்றேன். அவற்றையே இங்கும் சுருக்கிக் கூறுவேன்.

ஆயத்தம் ஐந்து

முதலாவது, காகிதம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் மூலத்தை ஒரு கோப்பிலும், படிகளை வேறொரு கோப்பிலும் வைத்தல் வேண்டும். மூலத்தைக் கல்லூரியில் ஒப்படைப்பின், ஒப்படைத்தமைக்குச் சீட்டுப் பெறுக. குடும்பத்திற் பட்டம் பெறுவோர் இதற்குமுன் எவரும் இல்லையாயின், வருவாய்த் துறையாரிடம் முதற்பட்டதாரிச் சான்றிதழ் பெறலாம். தொழிற்கல்வியிற் கலந்தாய்வு வழியே இடம் பெற்ற அத்தகையோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டு தமிழக அரசினராற் கொண்டுவரப்பட்டது. அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்மக்களுக்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்மக்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவையெல்லாம் கேட்போர்க்கே கிடைப்பன. கேளாதிருந்தவன் பெயரை எவரும் தேடி எழுதமாட்டார்.

இரண்டாவது, மொழி. தமிழ் வழியிற் பயின்றமை குற்றமன்று. அதற்காக ஒரு பிள்ளையும் தலைகுனிதல் வேண்டா. பொருளை விளங்கிக்கொண்டவனுக்குச் சொல் பின்னே வரும். சொல்லை மாத்திரம் அறிந்தவனுக்குப் பொருள் எளிதில் வாராது. ஆயினும் முயற்சியின்றி எச்சொல்லும் வாராது. இப்போது கைவசம் இரண்டு திங்கள் உள. நீங்கள் பயிலப்போகும் பாடத்தின் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நேருக்கு நேராக ஒரு ஏட்டில் எழுதுக. நாளொன்றுக்குப் பத்துச் சொல் எழுதினும் இரண்டு திங்களில் அறுநூறு ஆகும். அறுநூறு சொல்லோடு வகுப்பிற் புகுபவன் முதல் வாரத்திலே திகையான். தன்னைப்பற்றி நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி, வீட்டார் முன்னிலையில் நின்று பத்து நாள் உரக்கச் சொல்லுக. தம்பி தங்கையர் நகைப்பின் நகைக்கட்டும். வீட்டில் அந்நகைப்பைத் தாங்கிப் பழகியவனுக்கு வெளியில் அஞ்ச யாதும் இல்லை.

மூன்றாவது, கற்கும் முறை. பள்ளியில் ஆசிரியர் எழுதிப்போட, மாணாக்கர் பார்த்தெழுதுவர். கல்லூரியில் ஆசிரியர் பேசிக்கொண்டே செல்வர்; குறித்துக்கொள்ளுதல் மாணாக்கர் கடமை. ஆண்டு முடிவில் ஒரு தேர்வு என்பதன்றி, ஆண்டுக்கு இரு பருவம், பருவந்தோறும் அகமதிப்பீட்டு மதிப்பெண், நூற்றுக்கு 75 நாள் வருகை என்றிவ்வாறு பெரும்பாலான கல்லூரிகளில் ஒழுங்கு உண்டு. முதல் திங்களில் உறங்கிவிட்டுக் கடைத் திங்களில் விழிப்பவன், விழித்தும் பயன் காணான்.

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அரியதோர் உண்மையைக் கூறியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை மனங்கொளக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்பர். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும் என்பர். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பர். பாடஞ் சொல்வோரே, ஆசிரியராற் பெறுவது காற்பங்கே என்று ஒப்புக்கொண்ட நாடு இது. எனவே கூச்சத்தால் ஒதுங்கி, அறையின் மூலையில் தனியே அமர்ந்து கற்பவன், முக்காற்பங்கை இழந்தே கற்கின்றான் என்பதை மாணவச் செல்வங்கள் நெஞ்சிற் பதித்துக்கொள்க.

நான்காவது, அச்சம். பகடிவதை என்னும் கொடுமையைப்பற்றிப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. 1996இல் மருத்துவ மாணாக்கர் ஒருவர் கொலையுண்ட துயருக்குப் பின்னரே, தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ஈராண்டுவரை சிறையும் பதினாயிரம் ரூபாய்வரை தண்டமும் அதிற் கூறப்பட்டுள்ளன. குற்றவாளி கல்லூரியினின்று நீக்கப்படவும் இடமுண்டு. 2009ஆம் ஆண்டு பல்கலைக் கழக மானியக் குழுவினரும் விதிகள் வகுத்தனர். மாணாக்கரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தரும் வழக்கம் அவ்விதிகளால் வந்ததே. அதனைப் படியாமற் கையெழுத்திடாதீர்கள். துன்பம் நேரின் முதல் நாளே வீட்டுக்கும் விடுதிக் காப்பாளருக்கும் தெரிவிக்க என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். சொன்னாற் பெற்றோர் படிப்பை நிறுத்திவிடுவர் என்று அஞ்சியே பல பிள்ளைகள் வாய்திறப்பதில்லை. 'நீ எதைச் சொன்னாலும் உன் படிப்பை நிறுத்தமாட்டோம்' என்னும் ஒரு சொல்லைப் பேருந்து ஏறுமுன் சொல்லுங்கள். அதனினும் சிறந்த காப்பு வேறில்லை.

ஐந்தாவது, பெற்றோர்க்குரிய ஆயத்தம். பணத்தைப்பற்றிப் பிள்ளையிடம் ஒளிவு மறைவின்றிப் பேசுக. கட்டணம் இவ்வளவு, விடுதிக்கு இவ்வளவு, மாதச் செலவுக்கு இவ்வளவு என்று ஒருங்கமர்ந்து எழுதுக. கடன் வாங்கியிருப்பின் அதையும் சொல்லுக. ஆனால் அதனை நாளும் சொல்லிக் குத்தாதிருக்க. பெண்மக்களைப்பற்றி ஒன்று சொல்வேன். உள்ளூர்க் கல்லூரியிற் கிடைத்ததைப் படிக்கட்டும் என்று மகளுக்கும், எத்துணைத் தொலைவாயினும் சிறந்ததைப் படிக்கட்டும் என்று மகனுக்கும் இருவேறு அளவுகோல் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல. மகள் பெற்ற மதிப்பெண்ணை ஊரார்க்குக் காட்டி மகிழ்ந்த தந்தை, கலந்தாய்வு நாளில் அம்மதிப்பெண்ணை மறந்துவிடுவது அறமாகுமா? அவளையும் மாலையிட்டுப் பேருந்தில் ஏற்றுக.

சங்கத்தின் எல்லை

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லாது செல்வது என் தொழிலுக்கு அழகன்று.

இக்கூட்டத்துக்கு முன்னர் நம் அன்பர் சிலர், கல்லூரிதோறும் நம் மரபு மாணாக்கரை ஒன்றுசேர்த்து ஒரு கிளை காண்போம். புதிதாக வரும் நம் பிள்ளைகளை அவர்களே எதிர்கொள்ளட்டும் என்றனர். அவர்கள் எண்ணம் அன்பிற் பிறந்தது என்பதை அறிவேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரத்தில் உண்ணவும் உறங்கவும் இடமின்றி நம்மவர் தவித்த காலத்தில், பல குலத்தாரும் சங்கம் கண்டு மாணவர் விடுதிகள் அமைத்தனர். அவ்விடுதிகளால் உயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ! அந்நன்றியை மறப்பார் இலர். ஆயினும் அக்காலத்துச் சங்கங்கள் விடுதி கட்டியது, மூடியிருந்த பொதுவாயிலைத் திறந்து தம் பிள்ளைகளை உள்ளே அனுப்புதற்கே. உள்ளே சென்ற பின்னும் ஒரு சுவர் எழுப்புதற்கு அன்று.

இன்று நம் பள்ளிகளில் யான் காண்பது யாது? மணிக்கட்டிற் கட்டிய வண்ணக் கயிற்றைக் கண்டே எவன் எவனோடு அமர்வது என்று சிறுவர் முடிவு செய்கின்றனர். 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் மாணாக்கன் ஒருவனும் அவன் தங்கையும் வெட்டுண்ட பின்னர், நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் அரசு அமைத்த குழு, 2024இல் அளித்த அறிக்கையில் அக்கயிறுகளை விலக்குமாறு பரிந்துரைத்தது. பள்ளியிற் கயிறாக இருப்பதே கல்லூரியிற் கிளையாக வளரும். நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடே உண்டு, நம் பிள்ளைகளோடே உறங்கித் திரும்புவராயின், அவர்கள் பல்கலைக் கழகத்துக்குச் சென்றவர் ஆகார். நம் தெருவையே அங்குப் பெயர்த்துக்கொண்டு சென்றவர் ஆவர். உடன்பயில்வாராற் பெறும் காற்பங்கு என்று நன்னூலார் கூறியது, உடன்பிறந்தாரைக் குறித்தன்று.

யான் முன்னே கூறிய அம்மாணாக்கன் நம் மரபினன் அல்லன். அவன் கதையைக் கேட்டபோது இவ்வவையில் தாய்மார் சிலர் கண்ணீர் துடைத்தனர், யான் கண்டேன். அக்கண்ணீர் அவன் குலத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. நம் உதவியும் அவ்வாறே செல்லட்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆதலாற் சங்கத்தார் செய்யத்தக்கனவாக மூன்றைச் சொல்லி முடிப்பேன். ஒன்று: ஆண்டுதோறும் தேர்வு முடிந்த பின் நம் மண்டபத்தில் மூன்று நாட் பயிற்சி நடத்துக. நம் வட்டத்திலிருந்து முதன்முதற் கல்லூரி செல்லும் எப்பிள்ளைக்கும் அதன் கதவு திறந்திருக்கட்டும். இரண்டு: சான்றிதழ் பெறவும், விண்ணப்பம் எழுதவும், படியெடுக்கவும் கலந்தாய்வுக் காலம் முழுதும் ஒரு மேசையும் இருவரும் மண்டபத்தில் இருக்கட்டும். மூன்று: முன்னரே கல்லூரியில் பயிலும் நம் மாணாக்கரிடம், புதியராய்த் தனித்து நிற்கும் ஒருவனை, அவன் எவனாயினும், முதல் வாரம் உணவுக்கு உடனழைத்துச் செல்வோம் என்று உறுதி வாங்குக. நன்கொடைக்கு யானும் கடமைப்பட்டவன். இவ்வாண்டுப் பயிற்சிக்கு வேண்டிய ஏடும் எழுதுகோலும் என் செலவு. மூன்று நாளும் யானே வந்து பாடஞ் சொல்வேன்.

பிள்ளையை வாயில்வரை கொண்டுவிடுதல் நம் கடன். வாயிலுக்குள்ளும் பின்தொடர்ந்து செல்லாதிருத்தலும் நம் கடனே.

மாணவச் செல்வங்களே! நீங்கள் செல்லும் இடத்துக்குப் பல்கலைக் கழகம் என்று பெயரிட்டோர், பல கலையும் ஒருங்கு கூடும் இடம் என்பதுபற்றியே அவ்வாறு இட்டனர். பல கலை கூடும் இடத்திற் பல ஊரும் பல குலமும் பல மொழியும் கூடும். அஞ்சாது செல்லுங்கள். அறியாததை அறியேன் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு வினவுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் இம்மண்டபத்துக்கு வந்து, உங்களுக்குப் பின் வருவோர்க்கு நீங்களே திசை காட்டுங்கள். நன்னூலார் கூறிய எஞ்சிய அரைப்பங்கும் அன்று உங்களுக்கு நிரம்பும்.